சித்திரை வெயிலில் டாப்சிலிப்: மணி பார்த்துப் போக வேண்டிய காடு

கோவையில் காலை எட்டு மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பி, பொள்ளாச்சியில் டிபன் முடித்து, ஆனைமலையில் மாசாணியம்மனைக் கும்பிட்டுவிட்டு, மலையடிவாரத்துச் சேத்துமடை வனத்துறைச் சாவடிக்குப் பதினோரு மணிக்கு வந்து சேரும் குடும்பங்கள்தான் கோடை விடுமுறையில் அதிகம். மேலே டாப்சிலிப் போய், காடு சுற்றிப் பார்க்க டிக்கெட் எடுத்து வேன் ஏறும்போது மணி ஒன்று ஆகிவிடும். உச்சி வெயிலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "நாலு மானும் ஒரு மயிலும்தானுங்க, வேற ஒண்ணையுமே காணோம்" என்று இறங்குவார்கள். காட்டின் மேல் குற்றமில்லை. அந்த நேரத்தில் அங்கே எதுவும் நடமாடாது.

வெயில் ஏறியதும் புள்ளிமான் நிழலில் படுத்து அசைபோடும். காட்டுமாடு ஓடைக்கரை மூங்கிலுக்குள் ஒதுங்கிவிடும். பறவைகள் வாய் மூடிவிடும். யானை நடந்தாலும் நிழல் விட்டு நிழலுக்குத்தான் நடக்கும். விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை ஒரு துண்டு, மாலை நான்கு மணியிலிருந்து இறங்க வேண்டிய நேரம் வரை ஒரு துண்டு. பங்குனி தொடங்கி வைகாசி வரை காடு பார்க்கும் நேரம் இவ்வளவுதான். இடையில் கிடக்கிற ஏழு மணி நேரத்தை உடம்பு நோகாமல் கழிக்கத் தெரிந்தவருக்குத்தான் மாலைத் துண்டு கிடைக்கும்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தீர்த்துக்கொள்வோம். மலை என்றதும் ஊட்டி மாதிரி குளிரும் என்று ஸ்வெட்டரோடு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொள்ளாச்சி கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டாப்சிலிப் சுமார் 750 மீட்டர். 1000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் பொள்ளாச்சிக்கும் டாப்சிலிப்புக்கும் 3 டிகிரிதான் வித்தியாசம். ஊட்டி 2200 மீட்டருக்கு மேல். அதோடு இதை ஒப்பிடவே கூடாது. இங்கே இருப்பது வெப்பமண்டல இலையுதிர் காடு. தேக்கு, மருது, வேங்கை எல்லாம் கோடையில் மொட்டையாக நிற்கும். தேக்குத் தோட்டத்துக்குள் மதியம் நிற்பதும் வெட்ட வெளியில் நிற்பதும் ஒன்றுதான், நிழலே விழாது. நிழல் வேண்டுமென்றால் ஓடைக் கரைகளையும், கரியன் சோலை போன்ற பசுமை மாறாத காட்டுத் துண்டுகளையும்தான் நம்ப வேண்டும்.

கோடையில் போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இலை உதிர்ந்த காட்டில் நூறு மீட்டர் உள்ளே வரை பார்வை போகும். ஆடி மாதத்தில் பத்து மீட்டரில் பச்சைச் சுவர் மறைத்துவிடும். சின்ன ஓடைகள் வற்றிப்போவதால், மிச்சமிருக்கும் தண்ணீரைத் தேடி எல்லா மிருகமும் வந்துதான் ஆக வேண்டும். இந்த இரண்டும்தான் கோடையின் பலன். கூடவே ஒன்றைக் கவனியுங்கள்: நல்ல கோடைமழை இரண்டு பெய்துவிட்டால் குட்டைக்குக் குட்டை தண்ணீர் நிற்கும், இளம்புல் துளிர்க்கும், மிருகங்கள் காடெல்லாம் பரவிவிடும். மழை பெய்த மறுவாரம் போய்விட்டு, போன வருடம் இதே மாதத்தில் அவ்வளவு பார்த்தோமே என்று ஏங்கிப் பயனில்லை.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1976-ல் சரணாலயமான ஆனைமலைக் காட்டில், அக்காமலைப் புல்வெளி, கரியன் சோலை, மஞ்சம்பட்டி ஆகிய பகுதிகளைச் சேர்த்து 1989-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதன் பரப்பு 117 சதுர கிலோமீட்டர். 2007-ல் முழுப்பகுதியும் ஆனைமலை புலிகள் காப்பகமானது. ஒரு நாள் பயணி பார்ப்பது உலாந்தி வனச்சரகத்தில் சுற்றுலாவுக்கென ஒதுக்கிய பகுதியைத்தான். நடைப்பயணம் என்றால் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் ஓர் அடி வைக்க முடியாது, வைக்கவும் கூடாது.

இனி கிளம்பும் கணக்கு. சாவடி திறக்கும்போது வரிசையில் நீங்கள் நிற்க வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து அம்பராம்பாளையம், ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர் வழியாகச் சேத்துமடை 25 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அங்கிருந்து டாப்சிலிப் 13 கிலோமீட்டர் மலைப்பாதை. கோவையிலிருந்து பொள்ளாச்சிக்கு 40 கிலோமீட்டர் சேர்த்தால், உக்கடத்திலிருந்து நாலரை மணிக்குள் வண்டி நகர்ந்திருக்க வேண்டும். ஈரோடு, திருப்பூர், கரூர்ப் பக்கத்துக்காரர்கள் முந்தின நாள் பொழுதோடவே பொள்ளாச்சிக்கு வந்து தங்கிவிடுவது நல்லது. ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு வந்து, தூக்கக் கண்ணோடு மலைப்பாதை ஏறாதீர்கள். அமாவாசையும் வெள்ளிக்கிழமையும் ஆனைமலையில் மாசாணியம்மன் கோயில் கூட்டத்தில் வண்டி ஊர்ந்துதான் போகும். நோம்பி, பண்டிகை நாட்களும் அப்படித்தான். அம்மனைத் திரும்பும்போது கும்பிட்டுக்கொள்ளலாம்.

இருசக்கர வாகனத்தை சேத்துமடைக்கு மேல் விடுவதில்லை. பைக்கில் வந்து சாவடியில் திரும்பிப் போகும் இளைஞர்களை எல்லா விடுமுறையிலும் பார்க்கலாம். கார் இல்லாதவர்கள் பொள்ளாச்சி பேருந்து நிலையத்திலிருந்து பரம்பிக்குளம் போகும் அரசுப் பேருந்தில் டாப்சிலிப்பில் இறங்கலாம். ஒரு நாளைக்குச் சில நடைகள்தான். கடைசி நடையைத் தவறவிட்டால் மேலே மாட்டிக்கொள்வீர்கள் என்பதால், ஏறும்போதே நடத்துனரிடம் திரும்பும் நேரத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாவடியில் பை, டிக்கி எல்லாம் திறந்து பார்ப்பார்கள். மது, ஒருமுறை தூக்கிப்போடும் பிளாஸ்டிக், கவரில் அடைத்த தீனி எதுவும் உள்ளே போகாது. கோடையில் தீப்பரவல் அதிகமாகும்போது நடைப்பயணத்தையும் சில சமயம் வேன் சவாரியையும் நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் முந்தின நாள் வனத்துறையின் முன்பதிவுத் தளத்தையோ பொள்ளாச்சி வன அலுவலகத்தையோ கேட்காமல் பெட்ரோல் போடாதீர்கள்.

பெட்ரோலை ஆனைமலைக்குள்ளேயே போட்டுக்கொள்ள வேண்டும், சேத்துமடைக்கு மேல் பங்க் கிடையாது. ரேடியேட்டர் தண்ணீரை வீட்டிலேயே, எஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். டயர் காற்றையும் குளிர்ந்த டயரிலேயே பார்க்க வேண்டும். வெயிலில் ஓடிய டயரில் அழுத்தம் கூடித்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் குறைந்திருக்கும். ஏறும்போது வெப்பமுள் நடுவைத் தாண்டினால் முதலில் ஏசியை அணையுங்கள். அப்படியும் இறங்காவிட்டால் ஹீட்டரைப் போட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஐந்து நிமிடம் வேர்க்கும், ஆனால் எஞ்சினின் சூடு அந்த வழியாக வெளியேறிவிடும். காட்டுப் பாதையில் வண்டியை நிறுத்தி பானட்டைத் திறந்துகொண்டு நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இறங்கும்போதுதான் பெரும்பாலான தப்பு நடக்கிறது. மூன்றாம் நான்காம் கியரில் விட்டுவிட்டு, பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்குவார்கள். பிரேக் பட்டை விடாமல் உரசி, சூடேறி, பிடிமானத்தை இழக்கும். கருகிய வாடை வந்தால் அதுதான் எச்சரிக்கை. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், அநேகமாக இரண்டாவது. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டுப் பயன்படுத்தினால் போதும். வேகம் 20-லிருந்து 30-க்குள். வளைவில் ஹாரன் அடிக்கும் பழக்கம் மற்ற மலைப்பாதைகளில் சரி, இங்கே வேண்டாம். மெதுவாக, உங்கள் ஓரத்திலேயே திரும்பினால் ஹாரன் தேவைப்படாது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இதில்தான் கோடைப் பயணம் கெடுகிறது.

தண்ணீர் ஒருவருக்கு 4 லிட்டர். வாட்டர் கேன் ஒன்றும், ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டிலும் எடுத்துக்கொண்டால் சாவடியிலும் தொந்தரவில்லை. தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். அரை மணிக்கு ஒரு முறை நான்கைந்து மடக்கு என்று பழக்கிக்கொள்ளுங்கள். வழியில் கழிப்பறை கிடைக்காது என்று பயந்து பெண்கள் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுகிறார்கள். டாப்சிலிப் வரவேற்பு மையத்தில் கழிப்பறை உண்டு, சவாரிக்கு முன்னும் பின்னும் போய்க்கொள்ளலாம். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தாலும் வேர்வையில் போன உப்பு திரும்பாது. ஒரு பாட்டில் நீர்மோரில் உப்பும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்டுக் கொண்டுபோங்கள், காலை பத்து மணிக்குள் தீர்த்துவிடுங்கள். மதியத்துக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல்: 1 லிட்டர் தண்ணீருக்கு மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரை, மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு கூடினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். உப்பு கூடினால் உடம்புக்குக் கெடுதல், சர்க்கரை கூடினால் வயிறு போகும். பொள்ளாச்சிக்காரர்களுக்கு இளநீரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனைமலை சாலையோரத்திலேயே ஆளுக்கொன்று குடித்துவிட்டு ஏறுங்கள். காய்களை மேலே கொண்டுபோய் வெட்டிக் கோம்பையைக் காட்டில் போட வேண்டாம்.

கட்டுச்சோற்றில் புளிசாதத்துக்கு இணை கிடையாது. புளியும் நல்லெண்ணெயும் உப்பும் சேர்ந்து கெடாமல் காக்கும். சோற்றை உதிரியாக வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, முழுக்க ஆறிய பிறகுதான் புளிக்காய்ச்சலைப் பிசைய வேண்டும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் வேர்த்து, அந்த ஈரமே மதியத்துக்குள் சோற்றை நசநசக்க வைத்துவிடும். நம் வீடுகளில் அடிக்கடி ஆக்கும் அரிசிம்பருப்பு சாதம் காலை எட்டு மணிக்குச் சாப்பிட நல்லது. பருப்பும் ஈரமும் இருப்பதால் கோடையில் மதியம் வரை தாங்காது. தயிர்சாதம் கட்டாயம் வேண்டுமென்றால் குழைத்த சோற்றில் பாலை நிறைய ஊற்றி, தயிரை ஒரு கரண்டி மட்டும் சேருங்கள். மதியத்துக்குள் அதுவே உறைந்து பக்குவமாகிவிடும். இட்லி போகும், மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவி. தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஊசிப்போவது அதுதான். வாழையிலையில் கட்டி, பழைய துணியில் முடிந்து கொண்டுபோனால் குப்பையும் மிஞ்சாது. அந்த இலையையும் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். சோறு ஒட்டிய இலை காட்டுப்பன்றியையும் குரங்கையும் மனித வாடைக்குப் பழக்கிவிடும்.

குரங்கு விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். டாப்சிலிப்பில் வண்டி நிற்குமிடத்தில் நாட்டுக்குரங்குகள் காத்திருக்கும். ஒரு பிஸ்கட் நீட்டினால் குழந்தைகளுக்குச் சந்தோஷம். அந்தக் குரங்கு அடுத்த வண்டியில் கைக்குழந்தை வைத்திருக்கும் தாயின் பையைப் பிடுங்கும். கடித்தால் வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். சாலையோரத்தில் தீனிக்குக் காத்திருக்கப் பழகிய குரங்குகள்தான் டயரில் அடிபட்டுச் சாகின்றன. சாப்பாட்டை வண்டிக்குள்ளேயே, கண்ணாடியை முக்கால்வாசி ஏற்றிவிட்டுச் சாப்பிடுங்கள்.

உடைக்கு முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்தி பேண்ட், காலை மூடிய ஷூ, விளிம்புள்ள தொப்பி. வெள்ளையும் சிவப்பும் வேண்டாம், காய்ந்த புல்லின் நிறமும் மண் நிறமும் நல்லது. ஈரோட்டுத் துண்டு ஒன்றை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டால், காற்று வறண்டிருக்கும் சித்திரையில் அதற்கு மேல் குளிர்ச்சி தரும் பொருள் இல்லை. ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். பாலியஸ்டர் சட்டை இதைச் செய்யாது.

சவாரி வனத்துறை வேனில்தான். வந்ததும் முதல் வேலை அதற்கு டிக்கெட் எடுப்பது. டீயெல்லாம் பிறகு. ஆட்கள் நிரம்பினால்தான் வேன் கிளம்பும் என்பதால், விடிகாலையில் இரண்டு குடும்பங்கள் சேர்ந்து போவது லாபம். ஜன்னல் கண்ணாடியை முழுக்கத் திறந்துவிடுங்கள். செண்ட் அடித்துக்கொண்டு வராதீர்கள். பேச்சு வேண்டாம். "அதோ அதோ" என்று கத்துவது வேண்டவே வேண்டாம். மிருகத்தைப் பார்த்தவர் ஓட்டுநரின் இருக்கையை மெல்லத் தட்டினால் வண்டி நிற்கும்.

எங்கே பார்ப்பது என்று தெரியாததால்தான் பாதிப் பேர் ஒன்றும் காணாமல் திரும்புகிறார்கள். இலைகளைப் பார்க்காதீர்கள், இலைகளுக்குக் கீழே, தரையிலிருந்து முழங்கால் உயரத்தைப் பாருங்கள். காட்டில் எல்லாக் கோடும் நெட்டுக்குத்தாக நிற்கும். அதற்குள் படுக்கைவாட்டில் ஒரு கோடு தெரிந்தால் அது விழுந்த மரமாக இருக்கும், அல்லது ஒரு முதுகு. காட்டுமாட்டின் உடம்பு நிழலோடு கலந்துவிடும். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டியது போல இருக்கும் நான்கு கால்கள்தான் முதலில் கண்ணில் படும். புள்ளிமானை அசையும் காது காட்டிக்கொடுக்கும். உண்ணிச்செடி மண்டிய இடங்களில் பார்வையை வீணாக்காமல், புல் திட்டுகளிலும் ஓடைத் திருப்பங்களிலும் கண்ணை வையுங்கள்.

காதும் வேலை செய்ய வேண்டும். காய்ந்த தேக்குச் சருகில் ஒரு கீரி ஓடினாலும் பெரிய மிருகம் வருவது போலச் சத்தம் கேட்கும். யானையோ பஞ்சு போன்ற அடிப்பாதத்தால் ஓசையில்லாமல் வந்து நிற்கும். கிளை முறியும் சத்தமும் வயிற்றுக்குள்ளிருந்து வரும் உறுமலும்தான் அதன் அடையாளம். மரத்து மேலிருக்கும் மந்தியும் கீழே மேயும் புள்ளிமானும் கூட்டாளிகள். மந்தி கடித்துப் போடும் தளிரும் காயும் மானுக்குத் தீனி, மேலிருந்து பார்க்கும் மந்தியின் கண் மானுக்குக் காவல். மந்தி ஒரே திசையைப் பார்த்து இருமுவது போல விடாமல் குரல் கொடுத்து, மான்களும் கூர்மையாகக் கூவி முன்னங்காலைத் தரையில் தட்டினால், சிறுத்தையோ புலியோ செந்நாயோ அருகில் இருக்கிறது. அங்கே எஞ்சினை அணைத்துவிட்டுக் கால்மணி நேரம் உட்கார்ந்திருப்பது, ஊரெல்லாம் சுற்றுவதைவிட மேல். வேன் ஓட்டுநர்களும் வழிகாட்டிகளும் பலர் இந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். காடர், மலசர், மலைமலசர், புலையர், முதுவர், இரவாளர் என ஆறு பழங்குடிச் சமூகங்கள் ஆனைமலைக்குச் சொந்தக்காரர்கள். அவர்கள் நிற்கச் சொன்ன இடத்தில் நில்லுங்கள். "இன்னும் கொஞ்சம் உள்ள போங்கண்ணா" என்று பணம் நீட்டுவது அவர்களுடைய வேலைக்கும் ஆபத்து, மிருகத்துக்கும் ஆபத்து.

பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கோடை முற்பகுதியில் பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு முட்டையும் குஞ்சுமாக இருக்கும். ஆண்தான் பழம் சுமந்து வரும். நீராவி எஞ்சின் போலச் சிறகோசை தலைக்கு மேல் கேட்டால் நிமிர்ந்து பாருங்கள். பொந்து இருக்கும் மரத்தடியில் நிற்காதீர்கள். ஆள் நின்றால் ஆண் இறங்காது, உள்ளே இருப்பவற்றுக்குப் பட்டினி.

படம் எடுப்பவர்கள் எட்டரை மணிக்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு தரைச் சூட்டில் காற்று அலையடிக்கும். எத்தனை விலை லென்ஸ் ஆனாலும் நூறு மீட்டருக்கு அப்பாலிருக்கும் உருவம் தண்ணீருக்குள் இருப்பது போலக் குழையும். கேமராவில் பழுது இல்லை. கைபேசியை டேஷ்போர்டில் வெயிலில் வைக்காதீர்கள். பைனாகுலர் ஒன்று வாங்குவதென்றால் 8×42 அளவே போதும். அதற்கு மேல் பெரிதாக்கினால் ஓடும் வண்டியில் கை நடுக்கமும் பெரிதாகும்.

ஒன்பதரைக்கு மேல் வேகத்தைக் குறையுங்கள். கோழிகமுத்தி யானை முகாமுக்கு வனத்துறை வண்டியில் அழைத்துப் போவார்கள். யானைகளுக்குத் தீனி கொடுக்கும் நேரத்தைக் கேட்டு, அதற்குத் தகுந்தாற்போல் போக வேண்டும். கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்து, வெல்லமும் உப்பும் சேர்த்துப் பெரிய உருண்டையாகப் பிடித்து மாவூத்தர்கள் ஊட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். 2023-ல் 60 வயதில் மரியாதை அணிவகுப்போடு ஓய்வு பெற்ற கும்கி கலீம் இந்த முகாமைச் சேர்ந்தவன்தான். 2019-ல் கோவைக்குப் பக்கத்துத் தடாகம் ஊரில் பிடிபட்டு, டாப்சிலிப்பில் விடப்பட்டு, உடுமலைப் பக்கம் கரும்புக் காட்டுக்கு நடந்தே வந்துவிட்ட காட்டு யானை சின்னத்தம்பியை நம் ஊரில் மறந்தவர் இல்லை. அவனை இரண்டாம் முறை பிடித்துக் கரால் என்னும் மரக்கூண்டில் அடைத்ததும் இதே மலையில் வரகளியாறு முகாமில்.

மதிய நேரத்தில் நடந்து பார்க்க ஏற்றது ஹ்யூகோ உட்டின் கல்லறை. 19-ஆம் நூற்றாண்டில் கப்பல் கட்டத் தேக்கை வெட்டி, இந்த உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்டார்கள். டாப்சிலிப் என்ற பெயரே அப்படி வந்ததுதான். மொட்டையாகிப்போன சரிவுகளில், வெட்டிய அடிமரத்திலிருந்தே துளிர்க்க விட்டு வளர்க்கும் முறையையும் புது நடவையும் கொண்டுவந்து தேக்கைத் திரும்ப எழுப்பியவர் இந்த வன அதிகாரி. 1933-ல் இறந்தார். "என் நினைவுச்சின்னத்தைத் தேடுகிறாயா, சுற்றிலும் பார்" என்ற பொருளில் லத்தீன் வரி ஒன்று கல்லறையில் பொறித்திருக்கிறது. சுற்றிலும் நிற்பது தேக்கு.

பரம்பிக்குளமும் அதே நாளில் பார்த்துவிடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். என் கருத்து, வேண்டாம். டாப்சிலிப் தாண்டியதும் ஆனைப்பாடியில் கேரள வனத்துறையின் சாவடி. அவர்களுடைய டிக்கெட், அவர்களுடைய வழிகாட்டி, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் சவாரி. இரண்டையும் ஒரே நாளில் அடைத்தால் இரண்டிலும் நடுப்பகல்தான் மிஞ்சும். பரம்பிக்குளம்தான் வேண்டுமென்றால் டாப்சிலிப்பில் நிற்காமல் நேரே போய் முதல் சவாரியைப் பிடியுங்கள். தூணக்கடவு அருகில் கன்னிமரா தேக்கு இருக்கிறது. அடிமரச் சுற்றளவு ஏறத்தாழ 7 மீட்டர், நாலைந்து பேர் கைகோத்தால்தான் அணைக்க முடியும்.

கொங்கு விவசாயி யாரும் தூணக்கடவில் ஐந்து நிமிடம் நிற்காமல் வரக் கூடாது. கேரள மண்ணில் இருந்தாலும் தமிழ்நாடு பராமரிக்கும் அணைகள் இவை. பரம்பிக்குளத்துத் தண்ணீர் சுரங்கம் வழியாகத் தூணக்கடவுக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு சுரங்கத்தில் இறங்கி, சேத்துமடைக்குப் பக்கத்தில் சர்க்கார்பதியில் மின்சாரம் கொடுத்துவிட்டு, சுமார் 49 கிலோமீட்டர் காண்டூர் கால்வாயில் மலையோரமாகவே ஓடித் திருமூர்த்தி அணையைச் சேர்கிறது. பல்லடத்திலும் காங்கயத்திலும் மடை திறந்தால் பாய்வது இந்தத் தண்ணீர். பரம்பிக்குளம் அணையில் 2022 செப்டம்பரில் ஒரு ஷட்டர் உடைந்து தண்ணீர் வீணாகப் போனபோது, இங்கே பாசனக்காரர்கள் பட்ட வேதனை பலருக்கு நினைவிருக்கும். நீர்த்தேக்கத்தில் முதலை உண்டு. எவ்வளவு வெயிலானாலும் கால் நனைக்கக் கூட இறங்காதீர்கள்.

மாலையில் மறுபடி காடு விழிக்கும். டாப்சிலிப் புல்வெளிக்கே மான்களும் பன்றிகளும் வரும், சில நாள் காட்டுமாடும். இறங்கும் பாதையில் யானை நின்றால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் பட்ட இடத்திலேயே, நல்ல தூரத்தில் நிறுத்துங்கள். எஞ்சின் ஓடட்டும், ஹாரன் வேண்டாம், லைட்டை அணைத்து அணைத்துப் போட வேண்டாம், யாரும் இறங்கக் கூடாது. காது சீராக அசைந்து, வால் ஆடிக்கொண்டிருந்தால் அது நிம்மதியாக இருக்கிறது. யானைக்கு நம்மைப் போல வேர்க்காது, காது மடலின் ரத்தக்குழாய்களுக்குக் காற்று விசிறித்தான் உடம்பைத் தணிக்கும். அதனால் வெயில் நேரத்தில் வேகமாக விசிறுவதைக் கோபம் என்று நினைக்க வேண்டாம். விசிறிக்கொண்டிருந்த காது விறைத்து நின்று, தலை உயர்ந்து, வால் தூக்கி, உங்களையே பார்த்து அசையாமல் நின்றால்தான் ஆபத்து. உடனே, பதறாமல், நேராகப் பின்னால் எடுங்கள். கன்னத்தில் மதநீர் வழியும் ஆண் யானை என்றால் இன்னும் தூரமாக. பின்னால் வரும் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்பதுதான் இங்கே நடக்கும் பெரிய கெடுதி. முன் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே பின்வாங்க இடம் விட்டே ஓட்டுங்கள்.

பிற்பகல் மூன்றுக்கு மேல் இடியோடு கோடைமழை கொட்டினால், ஒற்றை மரத்தடியில் ஒதுங்காமல் வண்டிக்குள்ளேயே இருங்கள். காய்ந்த கிளையும் மூங்கிலும் பாதையில் விழுந்து கிடக்கும்.

தீயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சித்திரைச் சருகு ஒரு பீடித் துண்டுக்குப் பற்றும். சாலையோரங்களில் கருகிய பட்டை போலத் தெரிவது தீத்தடுப்புக் கோடு. வெயில் ஏறுவதற்கு முன்பே ஊழியர்கள் அந்தப் புல்லையும் சருகையும் தாங்களாகவே எரித்துவிடுகிறார்கள், வரும் தீ அங்கே தீனி இல்லாமல் நிற்கட்டும் என்று. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் அத்தனை உயிர் போன பிறகுதான் மலையேற்ற விதிகள் இறுகின. சாவடியில் தீப்பெட்டியைக் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுத்துவிடுங்கள்.

கூட வந்தவருக்குத் தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு, தாராளமான வேர்வை என்றால் அது வெயில் சோர்வு. நிழலில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, துணியைத் தளர்த்தி, உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுத்தால் அரை மணியில் தெளிவார். பேச்சு குழறினாலோ, இடம் தெரியாமல் உளறினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ அது வெப்பத் தாக்கு. உடல் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். ஒரு நிமிடம் கூடத் தாமதிக்கக் கூடாது. உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். நினைவு தவறியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பாதையில் பல இடங்களில் கைபேசிக்கு சிக்னல் இருக்காது. அருகிலிருக்கும் வனத்துறை ஆளிடம் சொன்னால் அவருடைய வயர்லெஸ் வேலை செய்யும். சிக்னல் கிடைத்தால் 108. வயதானவர்களும், ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சீக்கிரம் வாடிவிடுவார்கள். இன்சுலின் எடுத்துக்கொள்கிறவர்கள் மருந்தை வண்டியில் விட்டுவிட்டுப் போகாமல், ஈரத்துணி சுற்றிய பிளாஸ்கில் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

வீடு வந்ததும் துணிகளை நேரே வெந்நீரில் போடுங்கள். மழைக்காலத்தில் அட்டை என்றால் கோடையில் உண்ணி. அதிலும் குஞ்சு உண்ணி கடுகைவிடச் சிறிது. இடுப்புப் பட்டி, முழங்கால் மடிப்பு, அக்குள், குழந்தைகளுக்குக் காதுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள். கடித்துப் பிடித்திருந்தால் சுண்ணாம்போ மண்ணெண்ணெயோ தடவாதீர்கள், நெருப்பும் வைக்காதீர்கள். மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டித் தலைப்பக்கம் பிடித்து, திருகாமல் நேராக மெல்ல இழுத்து எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் வந்தாலோ, வலிக்காத கறுப்புப் பொருக்கு ஒன்று தோலில் தெரிந்தாலோ, மருத்துவரிடம் காட்டுக்குப் போய்வந்ததை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். புல்லில் இருக்கும் பூச்சிக்கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸுக்கு மாத்திரை உண்டு, சீக்கிரம் தொடங்கினால் சில நாளில் கேட்கும்.